இதயத் துடிப்புக் கோளாறுகள்: அந்த நீளமான பெயர்களை எப்படிப் படிப்பது?

மருத்துவ அறிக்கையில் 'பராக்ஸிஸ்மல் சுப்ராவென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா' என்று எழுதியிருந்தால், படபடப்புக்காக டாக்டரிடம் போனவருக்கு அதைப் படித்தே இன்னொரு படபடப்பு வந்துவிடும். வாயில் நுழையாத பெயர். ஆனால் பிரித்துப் பாருங்கள். பராக்ஸிஸ்மல் என்றால் திடீரென்று வந்து திடீரென்று நிற்பது. சுப்ரா என்றால் மேலே. வென்ட்ரிக்கிள் என்பது இதயத்தின் கீழறை. டாக்கி என்றால் வேகம், கார்டியா என்றால் இதயம். ஆக, 'கீழறைக்கு மேலே எங்கோ கிளம்பி, திடீரென வந்துபோகும் வேகத் துடிப்பு'. எப்படி வருகிறது, எங்கே பிறக்கிறது, எவ்வளவு வேகம் என்ற மூன்றும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. இதயத் துடிப்புக் கோளாறுகளின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான், தபால் முகவரி மாதிரி எழுதப்பட்டிருக்கும். படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் அரித்மியா. தமிழில் 'சீரற்ற இதயத் துடிப்பு' என்று எழுதுகிறோம். இந்தச் 'சீரற்ற' என்ற சொல்லில்தான் முதல் சிக்கலே. மேலே சொன்ன கோளாறில் துடிப்பு கொஞ்சமும் சீர் தவறாது. நிமிடத்துக்கு 180 என்றால் கடிகாரம் போல அச்சுப் பிசகாமல் 180. இதற்கு நேர்மாறாக, நல்ல ஆரோக்கியமான ஒரு சிறுவன் மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். சீர் இல்லை, ஆனால் நோயும் இல்லை. இதற்கு 'சைனஸ் அரித்மியா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்துப் பயந்துபோகும் பெற்றோர் எத்தனை பேரோ!

ஆகவே தாளம் சீராக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, 'துடி' என்ற கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

கட்டளை போகும் வழி

இதயத்துக்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைக்கு ஏட்ரியம் என்று பெயர், கீழறைதான் வென்ட்ரிக்கிள். வலது மேலறையின் உச்சியில், உடலின் மேல்பகுதியிலிருந்து வரும் பெரிய சிரை வந்து சேரும் இடத்தருகே, சைனஸ் கணு என்ற சின்னத் திசுக்கட்டு இருக்கிறது. யாரும் சொல்லாமலே தானாக மின்துடிப்பை உண்டாக்குவது அதன் வேலை. மூளையும் நரம்புகளும் அதை முடுக்கலாம், அடக்கலாம், அவ்வளவுதான். இதய மாற்று அறுவையில் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்ட பிறகும் புது இதயம் துடிப்பது இதனால்தான். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை கட்டளை இடுகிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம்.

அந்த மின்துடிப்பு மேலறைகளில் பரவி, கீழே இறங்கப் பார்க்கும். ஆனால் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடக்க முடியாத ஒரு நார்த்தடுப்பு இருக்கிறது. அதில் இருப்பது ஒரே வாசல், ஏவி கணு. இந்த வாசற்காவலர் வேண்டுமென்றே சற்றுத் தாமதிக்கிறார், ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மேலறை தன் இரத்தத்தைக் கீழறைக்குக் கொட்டி முடிக்க அந்த அவகாசம் வேண்டும். வாசலைத் தாண்டியதும் ஹிஸ் கற்றை, அது வலம் இடமாகப் பிரியும் கிளைகள், கடைசியில் பர்கிஞ்சி இழைகள் என்று நெடுஞ்சாலைப் பயணம். கீழறை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் சுருங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. மனிதர்கள் இந்த வழியைக் கண்டுபிடித்ததே கடைக்கோடியிலிருந்து தலைவாசலுக்குத்தான். பர்கிஞ்சி இழைகள் 1839-இல், ஹிஸ் கற்றை 1893-இல், ஏவி கணுவை ஜப்பானியர் சுனாவோ தவாரா விவரித்தது 1906-இல். எல்லாவற்றுக்கும் தொடக்கமான சைனஸ் கணுவை ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் சொன்னது அதற்கும் அடுத்த ஆண்டு.

சைனஸ் கணு படுத்துவிட்டால் என்ன ஆகும்? உடனே எல்லாம் நின்றுவிடாது. ஏவி கணுவை ஒட்டிய பகுதி பொறுப்பை எடுத்துக்கொள்ளும், ஆனால் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரைதான். அதுவும் கைவிட்டால் கீழறையே தன்னால் முடிந்த 20 முதல் 40 வரை துடிக்கும். கீழே போகப்போக மாற்று ஏற்பாடு மெதுவாகும், நம்பகமும் குறையும்.

கட்டத் தாளில் முகவரி

சரி, நெஞ்சைத் திறக்காமல் கட்டளை எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈசிஜி தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்கள், ஐந்துக்கு ஒரு தடிமனான கோடு. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. முதலில் வரும் சின்ன மேடு பி அலை, அதாவது மேலறை விழித்த தடம். அடுத்து ஊசி போல நிமிரும் கியூஆர்எஸ், கீழறை விழித்த தடம். இரண்டு ஊசிகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் துடிப்பு வேகம் வந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. இரண்டே கட்டம் என்றால் 150.

இப்போது ஊசியின் அகலத்தைப் பாருங்கள். அதுதான் முக்கியம். கட்டளை மேலிருந்து வந்து நெடுஞ்சாலையில் இறங்கியிருந்தால், கீழறை முழுவதும் 0.12 விநாடிக்குள், அதாவது மூன்று சின்னக் கட்டத்துக்குள் விழித்துவிடும். ஊசி குறுகலாக இருக்கும். கட்டளை கீழறையிலேயே பிறந்திருந்தால் அது நெடுஞ்சாலைக்கு வராமல் வரப்பு வழியே, தசையிலிருந்து தசைக்குத் தாவித் தாவிப் போக வேண்டும். நேரம் பிடிக்கும், ஊசி அகன்றுவிடும். குறுகல் என்றால் மேலே, அகலம் என்றால் கீழே. நெடுஞ்சாலையின் ஒரு கிளை அடைபட்டிருந்தாலும் ஊசி அகலும் என்பதால் இந்த விதி எப்போதும் செல்லாது. ஆனாலும் அவசரப் பிரிவில் வேகமும் அகலமும் சேர்ந்து வந்தால், வேறு என்று நிரூபணமாகும்வரை கீழறைக் கோளாறு என்றே எடுத்துக்கொள்வார்கள். அங்கே தவறினால் விலை அதிகம்.

தாளம் தப்பும் ஒற்றைத் துடிப்பு

'ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருந்தது, அப்புறம் திம்மென்று ஒரு அடி' என்று பலர் சொல்வார்கள். இதுதான் மிகச் சாதாரணமானது. உண்மையில் துடிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. இதயம் நிரம்பும் முன்பே துடித்ததால் அதில் வலு இல்லை, கையில் நாடி தட்டுப்படாது. அதற்கடுத்து ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட நிறைய நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு நெஞ்சில் இடிக்கிறது. இந்த முந்திய துடிப்பு மேலறையில் பிறந்தால் ஏட்ரியல் எக்டோபிக், கீழறையில் பிறந்தால் வென்ட்ரிகுலர் எக்டோபிக். நல்ல இதயத்தில் அவ்வப்போது இவை வருவதைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு நாளில் எத்தனை வருகின்றன, இதயத் தசை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவே.

மேலிருந்து வரும் வேகம்

முதலில் பிரித்த பெயருக்கே திரும்புவோம். சுருக்கமாக எஸ்விடி. இதில் மிகப் பரவலான வகையில், ஏவி கணுவுக்குள்ளேயோ அதையொட்டியோ வேகமான பாதை ஒன்றும் மெதுவான பாதை ஒன்றும் இருக்கும். ஒரு முந்திய துடிப்பு சரியாக அந்த நொடியில் வந்து விழுந்தால், மின்துடிப்பு ஒரு பாதையில் இறங்கி மறுபாதையில் ஏறி, செக்குமாடு போல அங்கேயே சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு, நிமிடத்துக்கு 150 முதல் 250 வரைகூட. சுற்று எங்காவது அறுந்தால் அந்தக் கணமே நின்றுவிடும். மின்விசிறி மாதிரி மெல்ல மெல்ல ஓயாது, விளக்கை அணைத்தது போல நிற்கும். டாக்டர் 'எப்படி நின்றது?' என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். பதற்றத்தில் வரும் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

சிலருக்குப் பிறவியிலேயே நார்த்தடுப்பில் ஓர் ஓட்டை, வாசற்காவலருக்குத் தெரியாத ஒரு கொல்லைப்புற வழி இருக்கும். 1930-இல் உல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூவர் எழுதிய கட்டுரையால் இதற்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. சுருக்கமாக டபிள்யூபிடபிள்யூ.

எஸ்விடியை நிறுத்த, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு முக்குவது போன்ற உத்திகளைச் சொல்லித்தருவார்கள். 2015-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 15 விநாடி ஊதச்சொல்லி, உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். வழக்கமான முறையில் 17 சதவீதம் பேருக்கு நின்ற வேகம், இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. இவை ஏன் வேலை செய்கின்றன? இவை மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்ட, அது ஏவி கணுவில் பிரேக் போடுகிறது. சுற்று அந்தக் கணு வழியாகப் போவதால் அறுந்துவிடுகிறது. நரம்பில் ஏற்றும் அடினோசின் என்ற மருந்தும் அதே இடத்தில்தான் அடிக்கிறது.

இதையே ஏட்ரியல் ஃபிளட்டருக்குச் செய்தால் நிற்காது. அங்கே சுற்று இருப்பது மேலறையில், நிமிடத்துக்குச் சுமார் 300 முறை. வாசல் இரண்டில் ஒன்றை உள்ளே விட, நாடி 150 என்று அசையாமல் நிற்கும். பிரேக் போட்டால் ஊசிகள் சிறிது நேரம் மறைந்து, தாளில் இரம்பப் பல் போன்ற அலைகள் அப்படியே வெளிப்படும். நோய் நிற்கவில்லை, ஆனால் முகவரி தெரிந்துவிட்டது!

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஏஎஃப்தான் இந்தக் கூட்டத்தில் பெரிய ஆள். நீடிக்கும் துடிப்புக் கோளாறுகளில் மிகப் பரவலானது, வயது ஏற ஏறக் கூடுவது. மேலறையில் ஒரு சுற்று இல்லை, பல அலைகள் முட்டி மோதி நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை கட்டளைகள் கிளம்பும். மேலறை சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்கும். வாசற்காவலர் எதை விடுவது என்று தெரியாமல் கண்டபடி விடுவதால், நாடியில் எந்த ஒழுங்கும் இருக்காது. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் பார்த்தாலே தெரியும். அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது. 'சீரற்ற துடிப்பு' என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளது இது ஒன்றுக்குத்தான் என்பேன்.

ஏஎஃப்பைக் காலத்தை வைத்து வகைப்படுத்துகிறார்கள். ஏழு நாளுக்குள் நின்றுவிட்டால் பராக்ஸிஸ்மல். ஏழு நாளைத் தாண்டினால் பெர்சிஸ்டென்ட், அதாவது விடாப்பிடியானது. பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் நீண்டகால பெர்சிஸ்டென்ட். கடைசியாக பெர்மனென்ட். இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இதயம் இனி மாறவே மாறாது என்று அதற்குப் பொருள் இல்லை. 'பழைய தாளத்துக்குத் திருப்பும் முயற்சியை இனி விட்டுவிடலாம், வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைப்போம்' என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுத்த முடிவுதான் அந்தப் பெயர். 2023-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போய், ஏஎஃப் வருவதற்கு முந்தைய அபாய நிலையையே முதல் கட்டமாகக் கணக்கில் சேர்த்தது.

வகை எதுவாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். நடுங்கும் மேலறையில், குறிப்பாக இடது பக்கத்தில் காது மடல் போலத் தொங்கும் ஒரு பையில், இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டுமா என்பதை வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முன்பு வந்த பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவற்றை வைத்தே தீர்மானிக்கிறார்கள். 'எனக்கு வந்து வந்து போகிற வகைதானே' என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது தப்பு.

கீழறையில் பிறப்பது

வென்ட்ரிகுலர் எக்டோபிக் மூன்றோ அதற்கு மேலோ தொடர்ந்து, நிமிடத்துக்கு 100-க்கு மேல் வேகத்தில் வந்தால் அதற்குப் பெயர் மாறி வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, அதாவது விடி ஆகிவிடும். 30 விநாடிக்குள் தானாக நின்றால் ஒரு பெயர், தாண்டினாலோ இரத்த அழுத்தம் விழுந்து உடனே நிறுத்த வேண்டிவந்தாலோ இன்னொரு பெயர். எல்லா ஊசிகளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் மோனோமார்ஃபிக். பெரும்பாலும் பழைய மாரடைப்பு விட்டுப்போன தழும்பைச் சுற்றி மின்துடிப்பு சுழல்கிறது என்று அர்த்தம். ஊசிக்கு ஊசி உருவம் மாறினால் பாலிமார்ஃபிக். அதில் ஒன்றுக்கு 1966-இல் பிரெஞ்சு மருத்துவர் தெசெர்த்தென் 'டோர்சாட் தெ புவான்ட்' என்று பெயரிட்டார், முனைகளின் முறுக்கல் என்று பொருள். தாளில் ஊசிகள் கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டு போகும். இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம், அதாவது கியூடி இடைவெளி, நீண்டுவிடும்போது இது வரும். பிறவியிலேயே அப்படி இருக்கலாம், சில மருந்துகளாலும் நேரலாம், பொட்டாசியமோ மக்னீசியமோ குறைந்தாலும் நேரலாம்.

இவற்றில் எதுவும் முற்றி வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனாக, விஎஃப்பாக மாறினால் கீழறையே நடுங்கத் தொடங்கும். மேலறை நடுங்கினால் மனிதர் நடமாடலாம். கீழறை நடுங்கினால் சில விநாடியில் நினைவு தப்பும், நாடி இருக்காது. இதுதான் கார்டியாக் அரெஸ்ட். ஹார்ட் அட்டாக் வேறு, இது வேறு. முன்னது குழாய் அடைப்பு, இது மின்சாரக் கோளாறு. முன்னது பின்னதற்கு வழிவிடலாம் என்பதால்தான் குழப்பம். நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இந்த ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு உடலுக்குள்ளேயே அதிர்ச்சி தரும் கருவியைப் பொருத்துகிறார்கள். முதன்முதலில் அது பொருத்தப்பட்டது 1980-இல்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் எதுவும் சேர்ந்தால், வகை என்ன என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மெதுவாகும்போது

நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போனால் பிராடிகார்டியா. ஓட்டப்பந்தய வீரருக்கு ஓய்வில் 45 இருந்தால் அது பயிற்சியின் அடையாளம். தலைசுற்றும் முதியவருக்கு அதே 45 என்றால் கதை வேறு. எண் ஒன்றுதான், ஆள்தான் வேறு. கோளாறு சைனஸ் கணுவிலேயே என்றால் சிக் சைனஸ். வாசலில் என்றால் ஹார்ட் பிளாக், அதில் மூன்று படிகள்.

முதல் படியில் எதுவும் அடைபடவில்லை என்பதுதான் தமாஷ். மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போக 0.2 விநாடிக்கு மேல் ஆகிறது, ஆனால் எல்லாச் செய்தியும் போய்ச்சேர்கிறது. தாமதத்துக்கு 'அடைப்பு' என்று பெயர் வைத்தவரைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இரண்டாம் படியில் சில துடிப்புகள் உண்மையிலேயே தடைப்படும். ஒரு வகையில் தாமதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கூடி ஒரு துடிப்பு விழுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஈசிஜி புழக்கத்துக்கு வரும் முன்பே, 1899-இல், வெறும் நாடித் துடிப்பின் கோடுகளை வைத்தே வெங்கபாக் இதைக் கண்டுபிடித்துவிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இன்னொரு வகையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் துடிப்பு விழும். மோபிட்ஸ் டைப் 2. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் பின்னதில்தான் ஆபத்து, ஏனென்றால் பழுது பெரும்பாலும் வாசலுக்கும் கீழே, நெடுஞ்சாலையில் இருக்கும். மூன்றாம் படியில் வாசல் முழுவதும் சாத்தப்பட்டு மேலறை தன் பாட்டுக்கும் கீழறை தன் பாட்டுக்கும் துடிக்கும். தற்காலிகக் காரணம் எதுவும் இல்லையென்றால் இதற்கு பேஸ்மேக்கர்தான் வழி.

உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958-இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அந்தக் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் 20-க்கும் மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.

கோப்பில் ஏறும் எண்

அறிக்கையில் பெயரோடு 'ஐ48' மாதிரி ஒரு குறியீடும் இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், அதன் பத்தாம் பதிப்பில், துடிப்புக் கோளாறுகளுக்கு ஐ44 முதல் ஐ49 வரை இடம். 44-உம் 45-உம் கடத்தும் வழியின் பழுதுகள், டபிள்யூபிடபிள்யூவும் அங்கேதான். 46 கார்டியாக் அரெஸ்ட். 47-இல் எஸ்விடியும் விடியும். 48-இல் ஏஎஃப்பும் ஃபிளட்டரும். மிச்சமெல்லாம் 49-இல், எக்டோபிக்கிலிருந்து விஎஃப் வரை. ஒன்றும் செய்ய வேண்டாத ஒற்றைத் துடிப்பும் உயிர்போகும் அவசரமும் ஒரே எண்ணுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த எண்கள் கணக்கெடுப்புக்கும் காப்பீட்டுக்கும் உதவும். ஆபத்தின் அளவை அவற்றில் தேடக்கூடாது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும், பழைய எண்கள் இன்னும் பல இடங்களில் புழக்கத்தில் உள்ளன.

வெறும் 'படபடப்பு' என்று மட்டும் சொன்னால் அதற்கு வேறொரு எண், ஆர்00.2. அது நோயின் பெயர் அல்ல, புகாரின் பெயர். அதிலிருந்து ஐ வரிசைக்கு மாற வேண்டுமானால் படபடப்பு நடக்கும்போதே தாளில் பிடிபட வேண்டும். ஏஎஃப் என்று சொல்ல, முழு ஈசிஜியிலோ குறைந்தது 30 விநாடி ஓடும் ஒற்றைத் தடப் பதிவிலோ அது தெரிய வேண்டும் என்பது வழக்கம். தினமும் வருகிற படபடப்பை, 24 மணி நேரமும் உடலோடு இருந்து ஈசிஜி எடுக்கும் ஹோல்ட்டர் கருவி பிடித்துவிடும். நார்மன் ஹோல்ட்டர் முதலில் செய்த கருவி முதுகில் சுமக்கும் சுமார் 38 கிலோ மூட்டை, இன்று சட்டைக்குள் அடங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை வருவதை அதில் பிடிக்க முடியாது. தோலுக்கடியில் சின்ன ரெக்கார்டரை வைத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.